பம்பை நிறுத்தியும் இறங்கிய தண்ணீர்

நிலத்தடி நீரில் மாதிரி எடுக்கும் வேலையில் சேர்ந்த புதிதில், பார்க்கிறவர்களிடமெல்லாம் எங்கள் பம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக் கூடை அளவுதான் இருக்கும். கார் பேட்டரியில் ஓடும். உள்ளே சின்ன உருளைகள் சுற்றி ஒரு ரப்பர் குழாயைப் பிதுக்கிக்கொண்டே இருக்க, தண்ணீர் மேலேறி வரும். வேகமாக இழுத்தால் சேறு கலங்கிவிடும். அதனால் நூல் போல ஒழுகவிடுவோம்.

அன்று சிலிம் ரிவர் என்ற ஊர்ப் பக்கம் போயிருந்தோம். முன்பு ரப்பர் தோட்டம், இப்போது செம்பனை. அதன் ஓரத்தில் மூடப்பட்ட பழைய குப்பைமேடு. அதன் கசிவு மண்ணுக்குள் போகிறதா என்று பார்க்கக் குழாய்க் கிணறு ஒன்று போட்டிருந்தார்கள். என்னோடு வந்தவர் ஜெலாப்பாங்கிலிருந்து வரும் அண்ணன், இந்த வேலையில் பழுத்தவர்.

பம்பு ஓடும்போது கிணற்றின் நீர்மட்டம் இறங்கக்கூடாது. தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று கத்தும் அளவு நாடாவை இறக்கிப் பார்த்தேன். ஒரு சாண் இறங்கியிருந்தது. வேகத்தைக் குறைத்தேன். இன்னும் இறங்கியது. பம்பையே நிறுத்தினேன். அப்போதும் இறங்கியது!

"நாடா கெட்டுப் போச்சு லா. எழுதிக்கிட்டு போலாம், வெயில் ஏறுது," என்றார் அண்ணன்.

"நம்ம இழுக்காமலே தண்ணி எங்கண்ணே போவுது?"

பம்பு நின்ற அமைதியில், மரங்களுக்கு அப்பால் ஒரு மோட்டாரின் உறுமல் கேட்டது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தகரக் கூரை வீடு ஒன்றின் பின்னால், ஓர் அம்மாள் ஹோஸைப் பிடித்து மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டிலும் ஒரு குழாய்க் கிணறு.

"அக்கா, மோட்டார கொஞ்சம் நிப்பாட்ட முடியுமா?"

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நிறுத்தினார். எங்கள் கிணற்றடியில் இருந்த அண்ணனுக்கு போன் போட்டேன். சிறிது நேரத்தில் அவர் குரலே மாறிவிட்டது. "ஏறுது லா! அவங்கள மறுபடி போடச் சொல்லு!"

போட்டால் இறங்கியது, நிறுத்தினால் ஏறியது. மூன்று முறை செய்து பார்த்தோம். எனக்கு ஒரே குதூகலம். கண்ணுக்குத் தெரியாத ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டோமே! அக்காவுக்கும் ஆர்வம் தொற்றிக்கொள்ள, கூடவே வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு குப்பைமேட்டைப் பார்த்தார்.

"அப்ப நான் டீ போடுற தண்ணியும் இந்தத் தண்ணியும் ஒண்ணா, தங்கச்சி?"

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

"தெரியலக்கா. பாத்துச் சொல்றேன். அதுவரைக்கும் கவர்மெண்ட் பைப் தண்ணியவே குடிங்க."

அவருடைய கிணற்றிலும் மாதிரி பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்தோம். எங்கள் பட்டியலில் இல்லாத கிணறு அது. ஈப்போவில் உள்ள எங்கள் அலுவலகத்தில் விளக்கம் சொல்லி, மோட்டார் கதையைப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன்.

முடிவு வந்ததும் நானே நேரில் போனேன். இரும்புச்சத்து அதிகம், வேறு கெடுதல் எதுவும் தென்படவில்லை. ஆனால் ஒரு முறை பார்த்ததை வைத்து உறுதி சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அதான் வெள்ளத் துணியெல்லாம் மஞ்சளாவுதா!" என்று சிரித்தார். கிணற்றுத் தண்ணீரைச் செடிகளுக்கு மட்டும் என்று அவரே ஒதுக்கிவிட்டார். அவருடைய கிணறு இப்போது எங்கள் பட்டியலில் இருக்கிறது. நாங்கள் போகிற நாளில், பம்பு ஓடி முடியும்வரை அவர் மோட்டாரைத் தொடுவதில்லை.