ஆம்பளைத் தூள்

ட்ரீக் கூச்சப்படுகிற ஆள் இல்லை. மாஸ் ஆற்றுக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊரின் மருந்து ஆலையில், வேலை முடிந்து எல்லாரும் குளிக்கும் பொதுக் குளியலறையில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாடியபடி வலம்வந்தவன். அவன்தான் ஒரு வசந்தகாலத்திலிருந்து குளிக்காமலே வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். கேட்டவர்களிடம், வீட்டில் புதிதாக ஷவர் வைத்திருக்கிறேன் என்று கூசாமல் பொய் சொன்னான்.

அதற்கு முன் பல வருஷம் பூஞ்சைக் கூடத்தில் இருந்தான். பழைய ரொட்டியில் பூக்கிற பூஞ்சைக்கு நெருங்கிய சொந்தமான ஒன்றைத் தொட்டியில் வளர்த்து, அதற்கு ஹார்மோன் கரைசலை ஊட்டுவார்கள். அது ஹார்மோனில் சரியான ஓரிடத்தில் ஒரே ஒரு ஆக்ஸிஜனை ஒட்டிவைக்கும். மூட்டுவாத மருந்து செய்ய அந்த இடம்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வருகிறவர்களிடமெல்லாம் ட்ரீக் இதைப் பீற்றிக்கொள்வான்.

"நீங்க ரொட்டியோட சேர்த்துக் குப்பையில வீசுறீங்களே, அதுங்களுக்கு நான் காவல்காரன்!"

பிறகு பாக்டீரியாக் கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே தொட்டிக்குள் போகிற தூள் ஆண் ஹார்மோன் வகையறா. நம் ஆட்களுக்கு இது போதாதா? ஆம்பளைத் தூள் என்று பெயர் வைத்தார்கள். மீசை முளைக்காதவனைப் பார்த்து, கொஞ்சம் தடவிக்கோடா என்றார்கள். ஆலை கொடுத்த முகமூடிகள் ஆணியில் தொங்கின. ஆம்பளைத் தூளுக்கு ஆம்பளை மூக்கை மூடுவானா?

ஆனால் தொட்டிக்குள் இருக்கிற பாக்டீரியா அந்தத் தூளின் ஒரு வளையத்திலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடும். அதோடு வளையத்தின் கட்டு குலைந்து, வேறு மாதிரி உட்கார்ந்து, வெளியே வரும்போது அது பெண் ஹார்மோன். போகும்போதும் வெள்ளைத் தூள், காய்ந்து வரும்போதும் வெள்ளைத் தூள். உலர்த்தும் தட்டுகளிலிருந்து அதைச் சுரண்டி எடுப்பது ட்ரீக்கின் வேலை. அவனுக்குத் தெரியாதா என்ன? கேட்டால் படம் போட்டே விளக்குவான். ஆனாலும் வைத்த பெயர் வாயில் ஒட்டிக்கொண்டது, முகமூடியும் ஆணியிலேயே கிடந்தது. படித்துப் படித்துச் சொன்னாலும் கேட்காத கூட்டம்.

முதலில் மார்புக் காம்பில் வலி வந்தது, பிறகு வீக்கம். பீர்த் தொப்பை மேலே ஏறுகிறது என்று பீரை நிறுத்திப் பார்த்தான். குறையவில்லை. ஒருநாள் கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தவன், தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அழுதான். அதன்பின் அகலமான கட்டுத்துணியால் மார்பை இறுக்கிச் சுற்றிக்கொண்டான். மனைவி ரிக்காவிடம் முதுகுவலி என்றான். ஆலையிலும் அதையே சொல்லி வாசல் காவலுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான்.

"அப்போ உங்க இடத்துக்கு நம்ம நோலைச் சேர்த்துவிடுங்களேன். சும்மாதானே திரியிறான்" என்றாள் ரிக்கா. நோல் அவள் தம்பி.

ட்ரீக் வாயைத் திறந்தான். திறந்த வாயில் உருளைக்கிழங்கைப் போட்டு மென்று, "சரி, கேட்டுப் பாக்குறேன்" என்றான். நோல் சேர்ந்தான். "முகமூடி போட்டுக்கடா" என்று மட்டும் ட்ரீக் ஒருமுறை சொன்னான். "ஆம்பளைத் தூளுக்கா மாமா?" என்று நோல் சிரித்தான். ஏன் என்று சொல்ல ட்ரீக்கை வெட்கம் விடவில்லை.

ஊரே வேஷம் கட்டிக் குடித்து ஆடும் கார்னிவல் திருவிழா அடுத்து வந்தது. வருஷாவருஷம் நோல் இரண்டு தலையணையைத் திணித்துக்கொண்டு பால்காரியாக வந்து மதுக்கடையையே குலுக்குவான். இந்த முறை கெட்டிக் கம்பளியில் துறவி அங்கி போட்டு, வியர்த்து வழிந்தபடி மூலையில் நின்றான்.

"என்னடா, பால்காரி சாமியாராப் போயிட்டா?" என்று ஒருவன் கத்தினான். கடையே சிரித்தது. ட்ரீக் பீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். நோலைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய், பீப்பாய்களுக்கு நடுவில் தன் சட்டையைத் திறந்து கட்டுத்துணியை இறக்கிக் காட்டினான்.

நோல் தன் அங்கியை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் என்னை அங்க உக்கார வெச்சீங்க."

"வெட்கமா இருந்துதுடா."

"எனக்கு மட்டும் இல்லையா? நீங்கல்லாம் ஒரு மனுஷனா மாமா?"

ட்ரீக் கட்டுத்துணியை மறுபடி சுற்றிக்கொண்டான். நோல் சுவரைப் பார்த்துக்கொண்டே, தானும் போன வாரம் மாற்றல் கேட்டுவிட்டதாகச் சொன்னான். அந்த இடத்துக்குப் பக்கத்து வீட்டு ஃப்ரான்ஸ் வருகிறான், கல்யாணமாகி ஒரு மாதம்தான்.

"அவன்கிட்ட சொன்னியா?"

நோல் தலை குனிந்தான். மாமனுக்கு மைத்துனன் தப்பாமல்தான் பிறந்திருந்தான்.

கார்னிவல் முடிந்த மறுநாள், சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு இருவரும் ஆலை டாக்டரின் அறைக்கு வந்தார்கள். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். அவர்களில் ஃப்ரான்ஸும் இருந்தான், வேலைக்குச் சேருமுன் உடம்பைப் பரிசோதித்துக்கொள்ள வந்திருந்தான்.

"எல்லாரும் இருக்காங்க. நாளைக்கு வரலாம் மாமா" என்று நோல் கையைப் பிடித்து இழுத்தான்.

ட்ரீக் கையை உதறிவிட்டு, ஃப்ரான்ஸுக்கு எதிரில் போய் நின்று, கோட்டு, சட்டை, கட்டுத்துணி எல்லாவற்றையும் கழற்றித் தரையில் போட்டான்.

"கார்னிவல் முடிஞ்சுதுப்பா, தலையணையை எடு!" என்று யாரோ சிரித்தார்கள்.

"தலையணை இல்ல" என்றான் ட்ரீக். "ஃப்ரான்ஸ், நல்லாப் பாத்துக்கோ. அந்தத் தட்டுல நீ சுரண்டப்போறது ஆம்பளைத் தூள் இல்ல. முகமூடி இல்லாம சுரண்டினா இதுதான் நடக்கும்."

சிரிப்பு நின்றது. வாசலருகே நோல் தன் கோட்டின் கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டான். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்த ட்ரீக், தன்னையறியாமல் இரண்டு கைகளாலும் மார்பை மறைத்துக்கொண்டான்.