சோளக்கொல்லையில் தொங்கிய கண்

கடலே இல்லாத தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு ஒரு கடல் பிராணியின் கண் மேல் பைத்தியம் பிடித்தது எனக்கு. சிங்கி இறால் என்கிற பெரிய இறாலின் கண். நம் கண்ணைப் போல அதில் வில்லை கிடையாது. சின்னச் சின்னச் சதுரக் குழாய்கள், உள்சுவரெல்லாம் கண்ணாடி போல மினுங்கும். எக்ஸ் கதிரை நேராக ஒரு கண்ணாடியில் விட்டால் உள்ளே புகுந்துவிடும். சுவரை உரசிக்கொண்டு சாய்ந்து போனால்தான் திரும்பும். அதனால் இந்தக் கண்ணைப் பார்த்தே விண்வெளித் தொலைநோக்கி செய்திருக்கிறார்கள். வானத்தின் ஒரு பெரிய துண்டை ஒரே பார்வையில் வைத்துக்கொண்டு, எங்கே எந்த நட்சத்திரம் சொல்லாமல் வெடிக்கப்போகிறது என்று காத்திருக்கும்.

படித்ததோடு விட்டிருக்கலாம். சந்தையில் ஐஸ் பெட்டியிலிருந்து ஓர் இறாலை வாங்கி, கல்லூரி நுண்ணோக்கியில் அதன் கண்ணை வைத்துப் பார்த்தேன். சதுரம், சதுரம், சதுரம். அதே போல ஒரு கண்ணைச் செய்தாக வேண்டும் என்று அன்றே முடிவாகிவிட்டது.

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டை வீட்டில் நிறைய இருந்தது. மினுங்குவதற்குத்தான் ஒன்றும் இல்லை. இண்டூர்ப் பக்கம் எங்கள் சோளக்கொல்லையில், குருவி வராமலிருக்க அப்பா வெள்ளி ரிப்பன் கட்டியிருந்தார். காற்றில் படபடத்துப் பளிச்சிடும். அப்பா காரிமங்கலம் சந்தைக்குப் போன அன்று அத்தனையையும் அறுத்துக்கொண்டு வந்து, அட்டைகளில் ஒட்டி, சதுரம் சதுரமாகக் கோத்து, குண்டான் கவிழ்த்தது போல வளைத்தேன். பின்னால் கறுப்புத் துணி. புது ரிப்பன் மறுநாளே வாங்கிக் கட்டிவிடலாம் என்று கணக்கு. கடையில் மூன்று நாளும் இல்லை என்றார்கள்.

சோளம் பால் பிடித்திருந்த நேரம் அது. அந்த வருடம் எங்களுக்குச் சோறும் மாட்டுக்குத் தட்டையும் அதிலிருந்துதான். கிளிகளும் தினைக்குருவிகளும் இறங்கிவிட்டன.

"படிச்ச புள்ள செய்யற வேலையா இது? ஒரு வாரத்துல வெறும் தட்டைதான் மிஞ்சும்," என்றார் அப்பா. கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வேறு வழியில்லாமல், நான் செய்த கண்ணையே கொல்லை நடுவில் கம்பு நட்டுத் தொங்கவிட்டேன்.

குருவிகள் போய்விட்டன. பக்கத்துக் கொல்லையில் இறங்கின, எங்கள் வரப்பைத் தாண்டவில்லை. முதல் நாள் எனக்குப் பெருமை. இரண்டாம் நாள் நல்ல வெயிலில் வரப்பில் நின்றபோதுதான் கவனித்தேன், சத்தமே இல்லை. குழாய்களுக்குள் காற்று நுழைந்து மெல்ல ரீங்கரிக்கும் ஒலி மட்டும். எங்கள் நாய் வரப்போடு உட்கார்ந்துவிட்டது, கூப்பிட்டும் வரவில்லை.

அந்தக் கண்ணின் நடுவில் ஒரு கருமணி இருந்தது. நான் வைத்ததல்ல. நம்மை நோக்கி நேராக இருக்கும் குழாய்கள் வழியாகப் பின்னாலிருக்கும் கறுப்புத் துணி தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் நான் கிழக்கே நடந்தால் அதுவும் கிழக்கே நகர்ந்தது. காரணம் தெரிந்தும் நான் அதற்கு மேல் நடக்கவில்லை.

கதிர் முற்றியது. அறுக்க நான்கு பெண்களைக் கூட்டிவந்தார் அப்பா. வரப்பிலேயே நின்றுவிட்டார்கள்.

"அது என்னயப் பாக்குதுங்க," என்றார் ஒருவர்.

"உன்னய இல்லக்கா, என்னயத்தான். எம் மாமியாக்காரிகூட இப்படிப் பாத்ததில்ல."

மற்ற இருவரும் சிரித்தார்கள். ஆனாலும் யாரும் இறங்கவில்லை. மூத்தவர் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டார். "குருவிய வெரட்டுனது சரிங்க. இப்ப ஆளயும் வெரட்டுதே."

மேற்கே மேகம் திரண்டிருந்தது. மழை விழுந்தால் கதிர் கறுத்துவிடும். நான் ஓடிப்போய் அப்பாவின் துண்டைக் கண் மேல் போர்த்தினேன். அதற்குப் பிறகே இறங்கினார்கள். வெளியோரத்திலிருந்து வேகவேகமாக அறுத்து வந்தார்கள், பேச்சில்லாமல். கம்பைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் நின்றது. அதை யாரும் தொடவில்லை. கூலியை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

அந்த வட்டத்தை அப்பா தானே அறுத்தார், கம்புக்கு முதுகைக் காட்டியபடி. நான் கதிரை வாங்கி அடுக்கினேன். கடைசிப் பிடி இருக்கும்போது காற்று துண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அப்பாவின் கை நின்றது. திரும்பவில்லை.

"இப்ப யாரப் பாக்குது? உன்னயா, என்னயா?"

நான் நின்ற இடத்திலிருந்து கருமணி என் மேல் இருந்தது. அவர் திரும்பினால் அவர் மேலும் இருக்கும். ரெண்டு பேரையும்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"என்னயத்தாம்ப்பா," என்றேன். "நீங்க அறுங்க."

அவர் கடைசிப் பிடியை அறுத்தார்.