பளபளக்கும் பக்கம்

கம்ப்யூட்டர் கேபினெட்டின் தகரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள் தாமரைச்செல்வி. மூடியைக் கழற்றுவதற்கு முன் தவறாமல் நடக்கிற காரியம் இது. பார்க்கிறவர்கள், "தொழில் மேல என்னா பக்தி பாருங்க" என்று உருகிப்போவார்கள். அவளுக்கோ சுருக்கென்று கோபம் வரும். "கும்பிடலங்க. ஒடம்புல உள்ள கரண்ட எறக்கி விடுறேன். அது உள்ள பாஞ்சா போர்டு போயிரும்." கோயிலுக்குப் போகாதவள் இல்லை, கம்ப்யூட்டரைக் கும்பிட மாட்டாள், அவ்வளவுதான்.

நெடுங்காட்டுப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம். வயலுக்குப் போகாமல் ஸ்குரூடிரைவரைத் தூக்கிக்கொண்டு காரைக்கால் முழுக்க ஸ்கூட்டியில் அலைகிறாள். பையைத் திறந்தால் பல் துலக்கும் பிரஷ், துருவேறிய திருகுக்கு விட ஒரு சீசா தேங்காயெண்ணெய், நிமிர்த்தி நேராக்கிய கொண்டை ஊசி. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் சுவிட்ச் எங்கே என்று கேட்க மாட்டாள். "கடல் எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பாள். கேட்டுவிட்டு, உப்புக்காற்று படாதபடி மேஜையை ஜன்னலை விட்டு நகர்த்தச் சொல்வாள். சிடியை யாராவது முழுக் கையால் எடுத்துவிட்டால் தீர்ந்தது. "ஓரத்தப் புடிங்க! அப்பளத்த அள்றாப்ல அள்றீங்களே!"

போன தை மாதம் பட்டினச்சேரியில், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில், மீன் விற்கிற அஞ்சுகம் வீட்டுக்குப் போனாள். பாலிடெக்னிக் படிக்கும் மகளுக்கு வாங்கிய கம்ப்யூட்டர் அது. சிடி தட்டு உள்ளே சிக்கிக்கொண்டு வரவில்லை. "எப்புடியாவது எடுத்துக் குடு தங்கச்சி. எம் மவன் உள்ள இருக்கான்" என்றாள் அஞ்சுகம்.

அலையில் மகன் தர்மராஜ் போனான். வீடும், சுவரில் மாட்டியிருந்த படங்களும் அவனோடு போயின. அவன் புதுப் படகு இறக்கிய அன்றைக்கு எடுத்த வீடியோ சிடி மட்டும், சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காகத் திருநள்ளாறு போயிருந்ததால் தப்பியது. அந்தப் பிள்ளையின் முகம் என்று உலகத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

தட்டின் அடியில் இருந்த பொட்டுத் துளையில் தாமரைச்செல்வி கொண்டை ஊசியை விட்டு அழுத்தினாள். தட்டு மெல்ல வெளியே வந்தது. சிடியின் பளபளக்கும் பக்கமெல்லாம் சந்தனம் ஈஷிக் காய்ந்திருந்தது. நடுவே குங்குமச் சிவப்பு. சிடி ஓடுகிற டிரைவுக்குள்ளும் அதே தூள்.

"என்னக்கா இது?"

"நெனவு நாளுக்குப் பொட்டு வச்சேன். படம் இருந்தா படத்துக்கு வச்சிருப்பேன்."

"அதுக்கு இந்தப் பக்கமா வப்பாங்க?"

"அந்தப் பக்கம் ஸ்டூடியோக்காரன் பேருல்ல போட்டிருக்கு? எம் புள்ள இந்தப் பக்கந்தானம்மா இருப்பான்?"

திட்ட வந்தவளுக்கும் அது சரியென்றே பட்டது. அவன் இருந்தது பளபளக்கும் பக்கம்தானே!

பழைய டிரைவைக் கழற்றிப் போட்டாள். சிடியில் பதியவும் தெரிந்த புது டிரைவைப் பையிலிருந்து எடுத்து முன்பக்கமாக உள்ளே தள்ளி, இரண்டு பக்கமும் திருகு முடுக்கி, பட்டை ஒயரையும் கரண்ட் ஒயரையும் பின்னால் செருகினாள். பிறகு ஈரப் பஞ்சை அஞ்சுகத்திடம் நீட்டினாள்.

"நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தொடைங்கக்கா. சுத்திச் சுத்தித் தேய்க்காதீங்க."

"வச்ச பொட்ட நானே அழிக்கிறதா?" என்றாள் அஞ்சுகம். அழுதுகொண்டே துடைத்தாள்.

சிடி ஓடியது. மாலை போட்ட படகு, கூச்சல், ஈர லுங்கியில் சிரித்தபடி தேங்காயை ஓங்குகிற தர்மராஜ். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. டிரைவு உள்ளே கரகரத்தது. "ஐயோ, போயிட்டானா?" என்று அஞ்சுகம் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். தாமரைச்செல்வி தட்டைத் திறந்தாள். சிடியை வெளியே எடுத்து, விளக்கில் பிடித்துப் பார்த்து, ஓரத்தில் ஒட்டியிருந்த கடைசித் துகளைத் தானே துடைத்து மறுபடி போட்டாள். தேங்காய் உடைந்தது.

உடனே இன்னொரு சிடியில் அதைப் பதிந்தாள். "புதுச ஓட்டிப் பாருங்க. பழச இனிமே உள்ள போடாதீங்க. அது சாமி மாடத்துல இருக்கட்டும்."

அஞ்சுகம் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். விரலில் தொட்டவள் பாதியில் நின்றுவிட்டாள். "பயமா இருக்கு தங்கச்சி. மறுபடி அழிஞ்சிட்டான்னா?"

தாமரைச்செல்வி பழைய சிடியை வாங்கினாள். பளபளக்கும் பக்கம் மேலே தெரிய உள்ளங்கையில் முழுசாகக் கிடத்தினாள். கட்டைவிரலைச் சந்தனத்தில் தோய்த்து, நடுத் துளைக்குச் சற்று மேலே, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், ரேகை பதிய அழுத்தி வைத்தாள்.