மோட்டாரில் நீந்திய மீன்

அணா போய் நயா பைசா வந்து, பஸ்ஸில் சில்லறைக்காக நடந்த சண்டைகளெல்லாம் ஓய்ந்திருந்த சமயம் அது. மாதம் ஆவணி என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆயக்குடிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த என் மனைவி, சனிக்கிழமை பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்த நாட்கள் அவை.

நான் அப்போது திண்டுக்கல்லில், கிணற்றுப் பாசனத்துக்கான மின்சார மோட்டாரும் பம்பும் செய்து விற்கும் ஒரு பட்டறையில் மேனேஜர். மின்கம்பம் வந்து சேர்ந்த ஊரிலெல்லாம் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையைக் கழற்றிவிட்டு மோட்டார் கேட்டார்கள். என் பொறுப்பில் டிப்ளமோ முடித்த இளம் பொறியாளர்கள் நால்வர். ஒருவர் டீ குடிக்காமல் ஸ்பானரைத் தொடமாட்டார். இன்னொருவர் தான் செய்த வேலையைப் பற்றி ஒரு வரி எழுதித் தரச் சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்வார். மற்ற இருவரும் ஒருவர் சுற்றிய காயிலை மற்றவர் குறை சொல்லியே பொழுதைக் கழிப்பார்கள். வீட்டில் நாலரை வயது மகளை எழுப்பி, குளிப்பாட்டி, சோறூட்டிப் பழகியது பட்டறையில் எனக்கு மிகவும் உதவியது. கோபித்துக்கொண்டவரை உடனே சமாதானப்படுத்தக்கூடாது, பசியோடு இருப்பவரிடம் நியாயம் பேசக்கூடாது என்ற இரண்டையும் நான் கற்றது மகளிடம்தான்.

என் மனைவி வாரம் முழுவதும் ஆயக்குடியில் தங்க வேண்டியிருந்தது. பகலில் மகளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா, தன் பெண்ணின் பிரசவத்துக்காக வத்தலக்குண்டுக்குப் போய்விட்டார். பள்ளியில் சேர்க்க மகளுக்கு வயது போதவில்லை. வேறு வழியில்லாமல் பட்டறைக்கே அழைத்துப் போனேன். பொறியாளர்களுக்கு அவளைப் பிடித்துவிட்டது. முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

"இது பட்டறையா, பிள்ளை வளக்குற மடமா மேனேஜர்? இந்த மாசம் போகட்டும். அடுத்த மாசம் பாப்பா இங்க வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் கொய்யாப்பழத்தை நறுக்குவதை நிறுத்தவில்லை. "அப்ப வேலைய விட்டுட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னாள். மூன்று முறை விண்ணப்பித்துக் கிடைத்த வேலை அது. உப்புத் தொட்ட கொய்யாத் துண்டை என்னாலும் அன்று ரசித்துச் சாப்பிட முடியவில்லை.

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு மோட்டாரையும் பம்போடு சேர்த்துச் சிமெண்டுத் தொட்டியில் ஓட்டிப் பார்ப்போம். தண்ணீர் நன்றாக வந்தால், மோட்டார் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அதன் உடம்பில் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுவார்கள். கிணற்றடியில் கம்பி இணைப்பவர் அந்த அம்பைப் பார்த்து, அதே பக்கம் சுற்றும்படி இணைக்க வேண்டும். ஒருவர் போட்ட அம்பை இன்னொருவர் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் அது அவமரியாதை. சுற்றிய காயிலைப் பற்றி நாளெல்லாம் சண்டை போடுகிறவர்களும் அம்பு விஷயத்தில் வாய் திறக்கமாட்டார்கள்.

கன்னிவாடியில் ஒரு விவசாயி எங்களிடம் மோட்டார் வாங்கினார். டீ குடிக்காமல் வேலை தொடங்காதவர்தான் போய்ப் பொருத்தினார். முதல் தண்ணீரைப் பார்க்க அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடியிருந்தார்களாம். மோட்டாருக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, சூடம் காட்டி ஸ்டார்ட்டரைத் தட்டினால் மோட்டார் ஜோராக ஓடியது. தண்ணீரோ, குழந்தை ஒன்றுக்குப் போவது போல வந்தது. கூட்டம் சிரித்துக் கலைந்தது. பொறியாளர் பம்பைப் பிரித்துப் பார்த்தார், குழாயைக் கழற்றி மாட்டினார், பொழுது சாய்ந்து திரும்பி வந்தார்.

அந்த ஊரில் இன்னும் சிலர் எங்கள் மோட்டாருக்குச் சொல்லிவைத்திருந்ததால் மறுநாள் முதலாளியே காரை எடுத்தார். நானும் பொறியாளரும் பின்சீட்டில். மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அவள் என் மடியில். முதலாளி கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

கிணற்றடியில் விவசாயி கைகட்டி நின்றார். வெங்காயப் பாத்தி வெடித்துக் கிடந்தது.

"வாங்க. மோட்டாரு நல்லா பாடுதுங்க. பாட்டுக் கேக்கவா நான் வாங்குனேன்?" என்றார்.

நான் வாடிய மாலையை எடுத்துவிட்டு மோட்டாரைத் துடைக்கப் போனேன். அதற்குள் என் மகள் குனிந்து, அதன் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, என் மீனு. வாலு மட்டும்தேன் இருக்கு."

எல்லாரும் பார்த்தோம். எங்கள் அம்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லை. வண்டியில் வந்தபோது மேலே மூடிய கோணிச்சாக்கு உரசி அழிந்திருக்க வேண்டும். சற்றுத் தள்ளி, பட்டறையில் மகள் சாக்பீஸால் வரைந்திருந்த மீனின் உடலும் போய், வால் மட்டும் தெளிவாக நின்றது. அசல் அம்பு முனை போலவே. சூடம் காட்டுவதற்கு முன், சுற்றும் பக்கம் பார்க்க ஒரு நொடி தட்டியபோது மோட்டார் சரியான பக்கம்தான் சுற்றியிருக்கிறது. 'அம்புக்கு' எதிராகச் சுற்றுகிறதே என்று பொறியாளர் இரண்டு கம்பிகளை மாற்றி, மீன் போன பக்கமே மோட்டாரையும் போக விட்டிருக்கிறார். பம்பின் வடிவத்தைப் பார்த்தே திசையைச் சொல்லத் தெரிந்தவர்தான். ஆனால் அம்பு வரைந்திருக்கும்போது அவர் ஏன் பம்பைப் பார்க்கப் போகிறார்?

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த மாதம் வரை தவணைகூட இனி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று மனம் வார்த்தை தேடத் தொடங்கிவிட்டது.

அப்போது பொறியாளர் பேசினார். "முதலாளி, மீனு மேல தப்பில்ல. பாப்பா இல்லாட்டியும் ஒரு நா எண்ணெக் கை பட்டு அம்பு அழியத்தான் செய்யும். நாங்க நாலு பேருமே அம்ப மட்டுந்தேன் பாக்குறோம், பம்பப் பாக்குறதில்ல."

வேலையைப் பற்றி அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. முதலாளி, "கம்பிய மாத்துங்க" என்றார்.

மாற்றினோம். ஸ்டார்ட்டரைத் தட்டியதும் குழாய் ஒரு முறை இருமியது. பிறகு தண்ணீர் எகிறி வந்து தொட்டியைத் தாண்டி விழுந்தது. என் மகளுக்குப் பாவாடை நனைந்தது, முதலாளிக்குச் செருப்பு. விவசாயி வாய்க்காலோடு நடந்துபோய்ப் பாத்தியைப் பார்த்துவிட்டு வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மீனு வால அழிச்சுராதீக. அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்றார்.

திரும்பும் வழியிலும் முதலாளிதான் கார் ஓட்டினார். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் பாப்பா, அந்த மீனு எங்க போச்சு?"

"தொட்டிக்கு. தண்ணி அங்கதான இருக்கு."

முதலாளி சிரித்து அன்றுதான் பார்த்தேன். கார் லேசாக ஆடியது.

அடுத்த திங்கட்கிழமை பட்டறையில் ஒரு சிவப்புப் பெயிண்ட் டப்பாவும் தூரிகையும் இருந்தன. இனி அம்பு பெயிண்டில்தான். போட்டவர் பெயரும் பக்கத்தில். கிணற்றடியில் பம்பையும் பார்த்தே இணைப்பு. பொறியாளர்கள் முணுமுணுத்தார்கள். டீ வந்ததும் நிறுத்திவிட்டார்கள். தொட்டிக்குப் பக்கத்தில், எந்த மோட்டாரும் கைக்கு எட்டாத இடத்தில், ஒரு பழைய பலகையும் குட்டி முக்காலியும் போடப்பட்டிருந்தன. பட்டறையில் மிச்சமிருந்த சாக்பீஸ் முழுவதையும் முதலாளி அங்கே வைத்திருந்தார்.

மனைவி சனிக்கிழமை வந்து கதை கேட்டாள். மகளைக் கூப்பிட்டு மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னாள். பிறகு திங்கட்கிழமை ஆயக்குடி பஸ்ஸுக்காகச் சேலையை மடித்து வைத்தாள்.