டாட் ஷூஸ் விற்றவனின் வயிற்றுக் கலக்கம்

இணைய முகவரி விற்கிற தொழிலில் சரக்கு கண்ணுக்குத் தெரியாது, பயம் மட்டும் நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் தெரியும் என்று வாயைத் திறந்து மாட்டிக்கொண்ட நண்பர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். ஆம்பூரில் ஷூ செய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. டாட் காமுக்குப் பதிலாக 'டாட் ஷூஸ்' என்று முடிகிற முகவரியை அள்ளிக்கொண்டு போவார்கள் என்று நம்பினேன். வாங்கியவர் ஒரே ஒருவர், அதுவரை டாட் காம் வைத்து ஷூ கம்பெனி நடத்திவந்த ரஹீம் பாய். அவருக்கு ஏதாவது ஆனால் பஜாரில் நான் தலைகாட்ட முடியாது.

அச்சகத்தார் செய்த உதவி

புது முகவரியை ஷூ பெட்டிகளில் அச்சடிக்கக் கொடுத்தோம். வந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். டாட் ஷூஸுக்குப் பின்னால் ஒரு டாட் காமும் ஒட்டிக்கொண்டிருந்தது. அது எவருடைய முகவரியோ, அங்கே என்ன விற்கிறார்களோ. இந்தப் பெட்டிகள் கப்பலேறியிருந்தால் பாயின் பெயர் என்ன ஆகியிருக்கும்?

அச்சகத்துக்கு ஓடினேன். அதன் முதலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "காம் போட மறந்துட்டீங்க சார். கேட்டா உங்களுக்கு பேஜாரா இருக்குமேன்னு நானே போட்டுட்டேன். அதுக்குன்னு ஜாஸ்தி எதுவும் வாங்கல."

சிவப்பு எழுத்து

ஏற்றுமதிக்காக இணையத்தில் ஒரு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. அன்றுதான் கடைசி நாள். பாயின் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் சுமதி மேடம் டாட் ஷூஸ் மின்னஞ்சலை அடிக்க அடிக்க, 'சரியான முகவரி தரவும்' என்று சிவப்பில் வந்துகொண்டே இருந்தது. காம் என்று மூன்று ஆங்கில எழுத்தில் இல்லாமல் ஐந்தெழுத்தில் முடிகிற முகவரியும் உலகத்தில் உண்டென்று அந்த விண்ணப்பப் பக்கத்தை எழுதிய புண்ணியவானுக்குத் தெரியாது போலிருக்கிறது.

கடைசியில் மேடம் தன் சொந்த ஜிமெயிலைப் போட்டார். ஒரே அடியில் ஏற்றுக்கொண்டது. அவர் முகத்தில் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை. "கம்பெனியை நம்பாதது என்னை மட்டும் நம்புதே சார், நாளைக்கு ஏதாவது ஆச்சுனா என்னைத்தானே தேடி வருவாங்க?"

வெளிநாட்டுப் போன்

பாயிடம் வருடக்கணக்கில் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி திடீரென்று பதில் போடுவதை நிறுத்தியது. அந்த ஆர்டர் வராவிட்டால் தைக்கும் பெண்களுக்கு வேலை கிடையாது. நான் சரியாகச் சாப்பிடவில்லை. பைபாஸில் பாயின் கார் தெரிந்தால் லாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

பிறகு அவர்களே போன் செய்தார்கள். டாட் ஷூஸிலிருந்து வரும் கடிதமெல்லாம் மோசடி என்று அவர்களுடைய கம்ப்யூட்டர் ஒதுக்கிவைத்திருக்கிறது. நிஜமாகவே ரஹீம் பாய்தான் என்றால் பழைய டாட் காமிலிருந்து எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்கு என்றார்கள்.

எனக்கு உயிரே போய்விட்டது. பழைய முகவரிக்குச் சந்தா கட்டுவதை நிறுத்தியாகிவிட்டது என்று சுமதி மேடம் எப்போதோ சொல்லியிருந்தார். கைவிட்ட முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவன் பாய் பெயரிலேயே எழுதலாம், அதை அந்தக் கம்பெனி நம்பவும் நம்பும். பாயிடம் போய் இதையெல்லாம் ஒப்பித்தேன்.

பாய் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பழைய டாட் காமிலிருந்து, என் கண்ணெதிரிலேயே, இரண்டு வரி எழுதி அனுப்பினார். சிறிது நேரத்தில் ஆர்டர் உறுதியாகிவிட்டது. மேடத்துக்கும் சொல்லாமல் அவரே சந்தா கட்டிவந்திருக்கிறார்.

"இன்னா தம்பி, இதுக்குப் போய் பயந்துட்டே? புது வூட்டுக்குக் குடி போனாலும் கொஞ்ச நாளைக்குப் பழைய வூட்டு சாவி நம்ம கையில இருக்கணும்பா. இருக்கட்டும், உன் கடைக்கு நீ இன்னா வச்சிருக்கே, காமா, வேறயா?"

டாட் காம்தான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை; அதையே அச்சடித்திருக்கும் என் விசிட்டிங் கார்டை அன்றிலிருந்து யாருக்கும் கொடுப்பதில்லை.