மேளத்துக்குப் பின்னால் போகாத கார்

ஆலங்காயம் தீர்த்தகிரிக்கு முப்பத்திரண்டு வயதாகியும் பெண் கிடைக்காததற்குக் காரணம் ஜாதகம் இல்லை, அவனுடைய அம்பாசிடர். ஜவ்வாது மலைக்கு வாடகைக்கு ஓட்டுவான், தலைதெறிக்கிற வேகத்தில். அதில் ஒருமுறை ஏறியவர்கள் மறுமுறை பஸ்ஸுக்கே காத்திருந்தார்கள். எண்பத்திரண்டாம் வருஷம் படவேட்டு ராஜவேலு ஒருவழியாகத் தன் மகள் பாஞ்சாலியைக் கொடுக்கச் சம்மதித்தார். பரிசம் போட்ட அன்று, மாப்பிள்ளைத் தோழனான என்னிடமே நிபந்தனையைச் சொன்னார்.

"வேகத்துக்குப் பேர் போன ஆளுன்றாங்க. மாப்பிள்ள அழைப்புல மேளத்துக்குப் பின்னால நடக்குற வேகத்துல வரட்டும். வந்தாத்தான் விடிஞ்சி தாலி."

இதைக் கேட்டவன் வாயையும் வண்டியையும் மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இவனுக்கோ மலை ஏறி இறங்கி மாமனார் ஊருக்குள் சீறிக்கொண்டு நுழைய வேண்டுமாம். என்னையும் இழுத்துக்கொண்டு மெட்ராஸுக்குப் போனான். அங்கே ரேஸ் கார் வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவர் இரண்டு கேம் ஷாஃப்டுகளை எடுத்துப் போட்டார். இன்ஜினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு அது. ஒன்றின் மேடுகள் சாது, மற்றதன் மேடுகளில் திமிர் தெரிந்தது.

"உன் இன்ஜின் ஆயிரத்தைந்நூறு சிசி. இந்தப் பெரிய கேம் ஆயிரத்தெண்ணூறுக்குத்தான் தோது. சின்ன இன்ஜின்ல போட்டா வேகத்துல பறக்கும், மெதுவாப் போனா செத்துடும். மெதுவாப் போற வேல ஏதாவது இருக்கா?"

"நமக்கு இன்னாங்க மெதுவா," என்றான்.

நான் அவன் தொடையைக் கிள்ளினேன். "டேய், மாப்பிள்ள அழைப்பு."

"அது அர மணி நேரம்டா."

பட்டால்தான் தெரியும் என்கிற ரகம். பெரிய கேமே இன்ஜினில் ஏறியது.

படவேட்டில் மாலை ஆறு மணிக்கு நாயனம் கிளம்பியது. ஸ்டியரிங்கில் நான், பின்சீட்டில் மாலையோடு அவன். கார் பத்தடி போனது, குலுங்கியது, படாரென்று வெடித்து அணைந்தது. தவில்காரர் அடியை விட்டுவிட்டுத் திரும்பி முறைத்தார். ஆக்சிலேட்டரை மிதித்தால் மேளக்காரர்கள் மேல் ஏறும், விட்டால் அணையும். நான்காவது முறை அணைந்தபோது பேட்டரியும் போய்ச் சேர்ந்தது.

மண்டப வாசலில் ராஜவேலு தோள் துண்டை உதறினார். கல்யாணம் நின்றால் இந்தப் பயல் தாங்கமாட்டான். வெளியேதான் வீறாப்பு, உள்ளே பாஞ்சாலி பாஞ்சாலி என்று உருகிக்கிடந்தான்.

பின்கதவு திறந்தது. தீர்த்தகிரி இறங்கி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காரைப் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தான். மேளம் போன வேகத்திலேயே கார் போனது. மண்டபம் வரை தள்ளினான். கழுத்து மாலையின் பாதிப் பூ ரோட்டில் கிடந்தது.

ராஜவேலு சிரிக்கவில்லை. "சொன்ன வேகத்துலதான் வந்திருக்கீங்க மாப்பிள்ள. உள்ள வாங்க."

விடிந்ததும் தாலி ஏறியது. ஆலங்காயம் வந்த மறுநாளே பாஞ்சாலி அந்தக் கேமைக் கழற்ற வைத்தாள். போன மாசம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தக் கேமை வைத்துப் புளியம்பழத்தின் ஓட்டைத் தட்டி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாத் தட்டுனாவே போதும்ணா," என்றாள். "நல்லா வேல செய்யுது."