வேண்டாம் மேடம்

ஆலையில் அவளுக்கு 'வேண்டாம் மேடம்' என்றே பெயர். ஆய்வகக் குடுவையில் ஒழுங்காக நடந்த வேதிவினை, ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும் பெரிய கலனிலும் ஒழுங்காக நடக்குமா என்று கம்ப்யூட்டரில் நடத்திப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. சிமுலேஷன் என்பார்கள். பாதிக்கு மேல் அவள் சொல்லும் பதில் 'வேண்டாம்'தான். கேன்டீனில் தட்டோடு வந்தால், "மேடம், சாப்பாடாவது வேணுமா?" என்று யாராவது வம்புக்கு இழுப்பார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

போன வருஷம் அவள் மேசைக்கு வந்தது அவள் கணவர் உருவாக்கிய வேதிவினை.

அவரும் அதே நிறுவனத்தின் ஆய்வகத்தில்தான் இருந்தார். ஒரு மருந்துக்கான மூலப்பொருளைத் தயாரிக்கும் வினை அது. பல வருஷ உழைப்பு. வீட்டிலும் அதே பேச்சுதான். "அப்பாவுக்கு அதுதான் மூத்த பொண்ணு, நான் ரெண்டாவது" என்று மகள் கேலி செய்வாள்.

கம்ப்யூட்டரில் பெரிய கலனின் நடுவில், சூடு மீறுவதைக் காட்டும் சிவப்புத் திட்டு ஒன்று எழுந்தது. கலக்கியின் வேகத்தைக் கூட்டினாள். வெளிச்சுவரைச் சுற்றி ஓடும் குளிர்நீரை இன்னும் குளிராக்கினாள். திட்டு கொஞ்சம் தள்ளி எழுந்ததே தவிர, போகவில்லை. தன் கணக்குதான் தப்பாக இருக்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டாள். தப்பு அகப்படவில்லை.

அன்று ராத்திரி சமையலறையில் அவரிடம் சொன்னாள். "என்னங்க, மீட்டிங்ல சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடறேன். பெரிய கலன்ல இது அடங்காது."

"குடுவையில ஒரு தடவையாவது மீறியிருக்கா?"

"குடுவையில சூடு சுவர் வழியா உடனே வெளியே போயிடுது. டம்ளர் தண்ணி ஆறுற வேகத்துல அண்டாத் தண்ணி ஆறுமா? நடுவுல மாட்டிக்கிட்ட சூடு வினையை இன்னும் வேகமாக்கும். அப்புறம் நம்ம கையில இல்லை."

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு, "எல்லாருக்கும் வேண்டாம்னு சொன்னே. எனக்குமா?" என்றார்.

அவள் கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினாள்.

மீட்டிங்கில் மேனேஜர் முகத்தைச் சுளித்தார். "உங்க வீட்டுச் சண்டையை இங்க கொண்டு வராதீங்க." அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நேரே பெரிய கலனுக்குப் போகாமல் நடுத்தரக் கலன் ஒன்றில் சோதிக்க வேண்டும், பக்கத்தில் ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தாள். கடைசியில் மேனேஜர் இறங்கி வந்தார்.

சோதனையன்று எல்லோரும் கட்டுப்பாட்டு அறையில் இருந்தார்கள். முதலில் சூட்டைக் காட்டும் கோடு சாதுவாகப் போயிற்று. கணவர் திரும்பி அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் தெரிந்த வெளிச்சம் நிலைக்க வேண்டுமே என்றுதான் அவளும் நினைத்தாள். அப்புறம் கோடு நிமிர்ந்தது. குளிர்நீரை முழுக்கத் திறந்துவிட்டும் பலனில்லை. அழுத்தம் மீறினால் கிழிவதற்கென்றே வைத்த பாதுகாப்புத் தகடு கிழிந்து, கொதிக்கும் குழம்பு குழாய் வழியே அவசரத் தொட்டிக்குள் பாய்ந்தது. ஜன்னல்கள் அதிர்ந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கலனின் ஆபரேட்டர் அவள் பக்கத்தில்தான் நின்றார். "மேடம், சாம்பிள் எடுக்க வழக்கமா நான் அதை ஒட்டித்தான் நிப்பேன்" என்றார். அவள் கணவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவர் அழுதது அவளுக்குக் கேட்டது. கதவைத் தட்டவில்லை. தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டை எடுத்து வைத்தாள்.

சில நாள் கழித்து அவள் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உள்ள என்ன நடக்குதுன்னு காட்டு."

காட்டினாள். வினைக்குச் சேர்க்கும் திரவத்தை மொத்தமாகக் கொட்டாமல் சொட்டுச் சொட்டாக விட்டால் என்ன என்று அவரே கேட்டார். செய்து பார்த்தார்கள். சிவப்பு அடங்கியது. ஆனால் வினை இழுத்துக்கொண்டே போனதில் வேண்டாத பொருளும் சேர்ந்து விளைந்தது, மருந்துக்கு ஆகாது. எத்தனையோ விதமாக முயன்றும் சூடு அடங்குவதும் சுத்தமாக விளைவதும் ஒத்துவரவில்லை. நிறுவனம் அந்த வேலையை மூடிவிட்டது.

முடிவு வந்த அன்று இருவரும் பேருந்துக்குப் போகாமல் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள்.

"உனக்குக் கஷ்டமா இருந்துச்சா, சொல்றதுக்கு?" என்று கேட்டார்.

"ரொம்ப."

அவர் அவள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.